தாயகம் என்ற புதிய நாடு

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. இலங்கைத் தோட்ட லயத்தில் பிறந்தவர் எங்கே திரும்புவது? பெரும்பாலோர் தலித்துகள்.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கினார்கள். கொழுந்து பறித்த கைகளுக்குச் சிறுகடை வைக்கக் கடன்! எத்தனை நாள் தாங்கும்? பூர்வீக ஊருக்குப் போனவர்களிடம் ஊர் ஒரு தாளும் கேட்கவில்லை, சேரியைக் காட்டியது.

மறுபடி மலைதான். கூடலூர், வால்பாறை டேன்டீ தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. மற்றவர்கள் மேட்டுப்பாளையம் வழியே கோத்தகிரி ஏறி, காய்கறித் தோட்டங்களில் அன்றாடக் கூலிக்கு நின்றார்கள். அங்கே அவர்கள் ‘சிலோன்காரர்’. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டபோதுதான் தாள் கேட்டார்கள்: தாத்தா ஊரின் ஆவணம்.