கல்யாண லிஸ்ட்டும் கறுப்பர் நகரமும்

“பத்திரிகை, பாத்திரம், தாம்பூலப் பை, வளையல்... எல்லாத்தையும் பாரிஸ்லயே முடிச்சிடலாம்டா. தி.நகரைவிட இருபது பர்சென்ட் கம்மி!” என்றாள் அக்கா, போனில்.

பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாள். பை தூக்க ஆள் வேண்டும். தம்பி எதற்கு இருக்கிறான்?

அந்த ‘இருபது பர்சென்ட்’டைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால், சென்னை என்கிற ஊரே அந்த இருபது பர்சென்ட்டுக்காகப் பிறந்ததுதான்!

1639-ல் கிழக்கிந்திய கம்பெனியின் ஃபிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைப் பார்த்துவிட்டுச் செய்த சிபாரிசின் சாரம் இதுதான்: இங்கே நல்ல துணி கிடைக்கிறது, விலையும் மற்ற இடங்களைவிட 20 சதவிகிதம் குறைவு. (பக்கத்தில் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் இந்த இடத்தைப் பிடித்தார் என்று ஒரு கிசுகிசுவும் உண்டு.) துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கும் மனிதர்களும் படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் மகா மட்டமான இடம். ஆனாலும் அந்த 20 சதவிகிதம் ஜெயித்தது. 1640-ல் கோட்டை வேலை ஆரம்பமானது.

துணி வேண்டும் என்றால் நெசவாளி வேண்டுமே? ‘இங்கே வந்து குடியேறுங்கள். சாப்பிடுகிற, குடிக்கிற, உடுத்துகிற பொருட்களுக்கு 30 வருஷம் சுங்கம் கிடையாது’ என்று அறிவித்தார்கள். இன்றைய சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு அன்றே போட்ட பிள்ளையார் சுழி! நெசவாளர்கள் வந்தார்கள். சாயம் போடுகிறவர்கள், சலவை செய்கிறவர்கள், தரகர்கள், துபாஷிகள் என்று வரிசையாக வந்து கோட்டைக்கு வடக்கே வீடு கட்டிக்கொண்டார்கள். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். வெளியே கறுப்பர் நகரம். அப்படித்தான் பெயரே வைத்தார்கள், கூச்சமில்லாமல்.

சரி, அக்கா காத்திருக்கிறாள். கிளம்புவோம்.

*

உயர்நீதிமன்ற மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால், எதிரே பாரி முனை. ‘பாரிஸ்’ என்று நாம் செல்லமாகக் கூப்பிடுவது பிரான்ஸ் தலைநகரை அல்ல. தாமஸ் பாரி என்ற வியாபாரியை. 1788-ல் மெட்ராஸில் தொழில் தொடங்கியவர். 1803-ல் இந்த மூலையில் இடம் வாங்கினார். இப்போது நிற்கும் ‘டேர் ஹவுஸ்’ 1940-ல் வந்த கட்டடம். கம்பெனியும் பின்னாளில் முருகப்பா குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. ஆனால், 200 வருஷத்துக்கு மேலாகியும் “பாரிஸ்லாம் எறங்கு” என்று பஸ் கண்டக்டர் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்தக் கவர்னருக்கும் கிடைக்காத மரியாதை!

அந்தக் கட்டடத்தை ஒட்டி ஒரு கல் தூண் நிற்கிறது. தினமும் லட்சம் பேர் கடந்து போகிற இடம். நின்று பார்ப்பவர் யாருமில்லை. 1773-ல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

எதற்கு எல்லை? அங்கேதான் கதை இருக்கிறது.

முதல் கறுப்பர் நகரம் இருந்தது நாம் இப்போது நடக்கிற தெருக்களில் அல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம், இன்று உயர்நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கிற இடத்தில். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். எதிரி வந்தால் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கக் கூடாது என்று கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். 1749-ல் ஒப்பந்தப்படி ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்கள் வந்து என்ன செய்தார்கள்? அதே இடிக்கும் வேலையைத் தொடர்ந்தார்கள்! எதிரிகளுக்குள் இருந்த ஒரே ஒற்றுமை இதுதான். 1757-ல் சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்த வருஷமே பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்தார். கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. ஆனால், வெளியே இருந்த ஊருக்குள் புகுந்து அவருடைய சிப்பாய்கள் கொள்ளையடித்தார்கள். அடி வாங்கியது மறுபடியும் கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள்தான்.

கடைசியில், கோட்டைப் பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும், இதற்குத் தெற்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று நட்ட எல்லைதான் அந்தத் தூண். வீடிழந்தவர்கள் வடக்கே, முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் போய் ஒட்டிக்கொண்டார்கள். அதுதான் புதிய கறுப்பர் நகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் ‘ஜார்ஜ் டவுன்’ ஆனது. அதாவது, நாம் ஷாப்பிங் போகிற இந்த ஊர், ஒரு மறுவாழ்வுக் குடியிருப்பு!

“என்னடா கல்லைப் பார்த்துட்டு நிக்கிற? பத்திரிகைக் கடை சாத்திடுவான்” என்றாள் அக்கா.

*

வழியில் ஆர்மீனியன் தெரு. 1772-ல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருப்பதால் அந்தப் பெயர். பட்டும் நவரத்தினமும் விற்க வந்த ஆர்மீனியர்கள் இங்கே பெரும் புள்ளிகளாக இருந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலம் கட்டியதே கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரிதான், 1726-ல். நம் ஜனங்களுக்கு ‘ஆர்மீனியன்’ வாயில் நுழையவில்லை. ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆக்கிவிட்டார்கள். இல்லாத அரண்மனைக்கு ஒரு தெரு!

பக்கத்தில் பவழக்காரத் தெரு. இங்கே பவழம் விற்றவர்கள் யூதர்கள். லண்டனிலிருந்து பவழம் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போவது அவர்கள் தொழில். 1688-ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது உறுப்பினர்களில் யூத வியாபாரிகளும் இருந்தார்கள் என்றால் செல்வாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் போன பிறகு, அதே தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்து பர்மா வரை வட்டிக்கடை நடத்தினார்கள்.

ஆண்டர்சன் தெருவுக்குள் நுழைந்தோம். தெரு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. கடைக்காரர் ஆல்பத்தை விரித்தார். அக்காவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. “யானை வேணாம். மயில் போட்டது இருக்கா?” அவர் கடையில் இல்லை. பையனைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் மயில் வந்தது!

நான் காமர்ஸ் படித்தவன். போட்டியாளன் என்றால் எதிரி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே போட்டியாளன்தான் குடோன். ஒரே சரக்கை விற்கும் நூறு கடை ஒரே தெருவில் இருப்பது பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால், விலை விசாரிக்க வருகிறவன் அந்தத் தெருவுக்குத்தான் வருவான். ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கும். பேப்பருக்கு ஆண்டர்சன், துணிக்கு கோடவுன் தெரு, பாத்திரத்துக்கு ராசப்பச் செட்டித் தெரு, வளையலுக்கு தேவராஜ முதலித் தெரு என்று மனப்பாடமாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

“மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் உண்டா சார்? அதுக்குத் தனியா ஒரு லைன் போடணும்” என்றார் கடைக்காரர்.

ஊர்வலம்! இதே ஊரில் 1707-ல் ஊர்வலத்தால் ரகளையே நடந்திருக்கிறது. அன்று இங்கிருந்த சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்தன. யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் சண்டை. கடை அடைப்பு, அடிதடி. வலங்கையினர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கே போய்விட்டார்கள். ஆள் போனால் துணி ஏது? கவர்னர் தாமஸ் பிட் ஆடிப் போனார். கடைசியில் 1708-ல், பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று தெருக்களையே பிரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். தெருவுக்கு ஒரு சரக்கு என்பதன் அழகைப் பார்த்து நாம் ரசிக்கிறோம். தெருவுக்கு ஒரு சாதி என்று ஒரு காலம் இருந்ததையும் சேர்த்துத்தான் ரசிக்க வேண்டும்.

*

கோடவுன் தெருவில் மொத்த வியாபாரிகள் மத்தியில், ஒரே ஒரு பட்டுப் பாவாடை கேட்ட அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ‘கோடவுன்’ என்பதே நம் ‘கிடங்கு’தான், மலாய் நாட்டுக்குப் போய் ‘குடாங்’ ஆகி, வெள்ளைக்காரன் வாயில் புகுந்து திரும்பி வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் சிலர் சொல்வதுண்டு. ஏற்றுமதி செய்ததை நாமே இறக்குமதி செய்துகொண்டோம்!

பூக்கடை. கோட்டைக்கருகே இடிக்கப்பட்ட சென்னகேசவர் 1760-களில் இங்கேதான் வந்து சேர்ந்தார், பக்கத்தில் சென்ன மல்லீஸ்வரர் துணையோடு. ஜனங்கள் இடம் பெயர்ந்தபோது சாமியும் கூடவே பெயர்ந்து வந்திருக்கிறார். அக்கா ஒரு கும்பிடு போட்டாள். “நல்லபடியா முடியணும்பா.”

கும்பலைத் தாண்டி மேற்கே போனால் தங்கசாலைத் தெரு, சௌகார்பேட்டை. சாகுகார், அதாவது வட்டிக்கடைக்காரர்கள் பேட்டை. முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டோம். முறுக்கு நம் ஊர், சட்னி அவர்கள் ஊர். சண்டை இல்லாமல் சேர்ந்திருந்தது. அதற்கப்பால் கொத்தவால் சாவடி. ஒருகாலத்தில் சென்னைக்கே காய்கறி கொடுத்த சந்தை. 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு மூட்டை கட்டுவது புதிதில்லை.

இன்னும் மேற்கே, சென்ட்ரல் பக்கம் வால்டாக்ஸ் ரோடு. ஹைதர் அலி மெட்ராஸ் வாசலுக்கே வந்துபோன பயத்தில் 1770 வாக்கில் இந்த ஊரைச் சுற்றிக் கடைசியாக ஒரு மதில் கட்டினார்கள். செலவை யார் தலையில் கட்டுவது? உள்ளே குடியிருப்பவர்கள் தலையில்! அதுதான் ‘வால் டாக்ஸ்’, மதில் வரி. கோட்டைக்கு உள்ளே இருந்தவனுக்குக் கம்பெனி செலவில் மதில். வெளியே இருந்தவனுக்கு மதிலோடு வரி. அந்த வரி சட்டப்படி செல்லுமா என்று சந்தேகம் வந்து, கடைசி வரை வசூலாகவே இல்லை. மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக ஒரு துண்டு மட்டும் மிச்சம். வராத வரியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

*

திரும்பும்போது இருட்டிவிட்டது. இரண்டு கையிலும் பை. பசி. பர்மா பஜார் பக்கம் போனோம்.

பர்மாவில் 1930-களின் இறுதியில், கீழ்ப் பகுதியின் முக்கியமான நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. யுத்தம் வந்தது. 1962-ல் நி வின்னின் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமை. நிலம் வைத்திருந்தவரும் போனார். கடை வைத்திருந்தவரும், அந்தக் கடையில் மூட்டை தூக்கியவரும் வெறுங்கையோடு கப்பலேறி மெட்ராஸ் வந்து இறங்கினார்கள். 1969-ல் அவர்களுக்காக வந்ததுதான் இந்த பஜார். பாரியின் மூலைக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவே, ரோட்டோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். அவர்கள் கொண்டுவர முடிந்த ஒரே சொத்து, கைப்பக்குவம். அதுதான் ‘அத்தோ’. தள்ளுவண்டிக்காரர் நூடுல்ஸில் வெங்காயம், கோஸ், புளித் தண்ணீர் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார்.

சாப்பிட்டுக்கொண்டே அக்கா கணக்குப் போட்டாள். “பார்த்தியா, சொன்னேன்ல? இருபது பர்சென்ட் மிச்சம்!”

நான் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 1639-லிருந்து இங்கே மலிவாகக் கிடைத்ததற்கெல்லாம் யாரோ ஒருவர் மீதி விலையைக் கொடுத்திருக்கிறார். நெசவாளி கொடுத்தார். பீரங்கிக்கு வழிவிட்டு வீடிழந்தவர் கொடுத்தார். ரங்கூனில் கடையைப் பறிகொடுத்தவர் கொடுத்தார். விரட்டப்பட்ட ஒவ்வொரு முறையும் அவர்கள் செய்தது ஒன்றுதான்: அடுத்த தெருவில் துணியை விரித்து, மறுபடி கடை போட்டார்கள். இந்த ஊரை இத்தனை வருஷம் காப்பாற்றியது அந்தக் கோட்டை இல்லை, இந்தக் கடைகள்தான்.

தள்ளுவண்டிக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். அக்கா வழக்கம்போலப் பேரம் பேச வாயெடுத்தாள்.

“அக்கா, இங்க வேணாம்” என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கேட்ட காசை எடுத்துக் கொடுத்தாள்.