ஒறிகன் பாதையிற் கூடார வண்டி: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அரசரையும் போரையும் உடன்படிக்கைகளையும் பற்றிப் பேசுவன. மக்கள் கையாண்ட கருவிகள் அவற்றில் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியினின்றும் மேற்குக் கரையை நோக்கி நிகழ்ந்த குடிப்பெயர்ச்சியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1840 தொடக்கம் 1860 வரையுள்ள இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் நிலவழியாக ஒறிகன், கலிபோர்ணியா, யூற்றா ஆகிய பகுதிகளை நோக்கிச் சென்றனர். நிலவேட்கை, 1837 இல் தோன்றிய பொருளாதார நெருக்கடி, 1848 இற் கண்டெடுக்கப்பட்ட பொன், மேற்குத் திசை முழுவதும் தமக்கென்றே விதிக்கப்பட்டது என்ற எண்ணம் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. இவையாவும் அவர்கள் ஏன் சென்றார்கள் என்னும் வினாவிற்கே விடையாவன. அமைக்கப்பட்ட பாதையெதுவும் இல்லாத இரண்டாயிரம் மைலைக் குழந்தை குட்டிகளோடு நான்கு தொடக்கம் ஆறு மாத காலத்தில் எவ்வாறு கடந்தார்கள் என்பது வேறு வினா. அதற்கு விடை தேட முற்படுவோர் ஒரு வண்டியை ஆராய வேண்டியவராகின்றனர்.

அவ்வண்டி எவராலும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. வைக்கோலும் சோளமும் ஏற்றிய சாதாரணப் பண்ணை வண்டியே ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்பெற்று நெடும்பயணத்துக்குரிய இல்லமாக மாறிற்று. அத்திருத்தங்களைச் செய்தவர் யார், அவர்களுக்கு அவற்றைக் கற்பித்தது யாது, திருத்தம் பிழைத்த இடத்து நேர்ந்தது யாது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு தவறான கருத்தை அகற்றிவிடல் நன்று. திரைப்படங்களையும் ஓவியங்களையும் கண்டு பழகியோர்க்கு, முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்து ஓடம் போன்ற அடித்தளத்தையுடைய பெருவண்டியே நினைவுக்கு வரும். அது பென்சில்வேனியாவிற் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவான கொனெஸ்ரோகா வண்டி. ஆறு குதிரைகள் பூட்டி, கிழக்குப் பகுதியின் நெடுஞ்சாலைகளில் வணிகச் சரக்கினை ஏற்றிச் செல்வதற்கென அமைந்தது. றொக்கி மலைகளை நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களுள் அதனைக் கொண்டு சென்றோர் மிகச் சிலரே. ஏனையோர் கொண்டு சென்றது ஏறத்தாழப் 10 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட பெட்டியை நான்கு சில்லுகளின் மீது ஏற்றிய சிறு வண்டியாகும். பெட்டியின் பக்கப் பலகைகள் இரண்டு அல்லது மூன்று அடி உயரத்துக்கு மேற்பட்டனவல்ல. அதன் வெண்ணிறக் கூடாரத்தைத் தொலைவிற் கண்டோர் அதனைப் புல்வெளிப் பாய்க்கப்பல் என அழைத்தனர். பெயர் கவர்ச்சியானது; பொருளோ எளியது.

மலைகளுக்கு அப்பால் வண்டி செல்லாது என்ற கருத்தே 1830களில் நிலவியது. 1836 இல் மருத்துவரும் மதபோதகருமான மார்க்கஸ் விற்மன் அதனைப் பொய்ப்பிக்க முயன்றார். மலைப்பகுதியில் அவரது இலகு வண்டியின் அச்சு முறிந்தது. அவர் அதனை இரு சில்லு வண்டியாக மாற்றி, எஞ்சிய சில்லுகளை அதன்மேற் கட்டி, போயிசிக் கோட்டை வரை இழுத்துச் சென்று, அங்கே கைவிட்டார். 1840 இல் றொபேட் நியூவெல், யோசப் மீக் என்னும் முன்னாள் வேட்டைக்காரர் ஹோல் கோட்டையினின்று மேலும் மேற்கே, விற்மனின் மதப்பணி நிலையம் வரை, வண்டிகளைக் கொண்டு சேர்த்தனர். ஆயின் வழியிலேயே பெட்டிகளை எறிந்துவிட்டு அச்சும் சில்லும் ஏர்க்காலும் மட்டுமே எஞ்சிய நிலையிற்றான் சேர்த்தனர். 1841 இற் கலிபோர்ணியாவை நாடிய முதற் குழுவினர் இன்றைய நெவாடாவில் வண்டிகளை முற்றாகவே விட்டுவிட்டு, விலங்குகளின் முதுகிற் பொதியேற்றி நடந்தனர். 1843 இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளோடு ஹோல் கோட்டையை அடைந்தபோது, வண்டிகளை அங்கேயே விட்டுச் செல்லுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. அவர்கள் அதனை ஏற்காது கொலம்பியா ஆறு வரை வண்டிகளை ஓட்டிச் சென்றனர்.

1844 இல் நடந்ததே யாவற்றினும் வியத்தற்குரியது. இலைசா ஸ்ரீவன்ஸ் என்பார் தலைமையிற் சென்ற குழு, பையூற் இனத்து முதியவரான ற்றக்கீ என்பவர் காட்டிய வழியைப் பின்பற்றிச் சியரா நெவாடா மலையடிவாரத்தை நவம்பர் மாதம் அடைந்தது. அவர்களைச் செங்குத்தான பாறையொன்று மறித்தது. வண்டிகளைச் சுமையிறக்கி, பாறையிலிருந்த ஒடுங்கிய இடுக்கு வழியே எருதுகளை ஒவ்வொன்றாக மேலேற்றி, மேலிருந்து சங்கிலியால் இழுத்து ஐந்து வண்டிகளைக் கடத்தினர். சியரா மலையைத் தாண்டிய முதல் வண்டிகள் இவையே. தலைவர் ஸ்ரீவன்ஸ் தொழிலாற் கொல்லர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்வனுபவங்கள் ஊர் திரும்பியோர் வாய்மொழியாகவும், கடிதங்களாகவும், வழிகாட்டி நூல்களாகவும் மிசூறிக் கரையை வந்தடைந்தன. அடுத்த ஆண்டிற் புறப்படுவோரின் வண்டியில் அவை மரமாகவும் இரும்பாகவும் உருப்பெற்றன. முதலாவது திருத்தம் மரத்தைப் பற்றியது. மேற்குச் சமவெளியின் காற்று மிக வறண்டது. ஈரப்பதனுள்ள கிழக்கிற் செய்யப்பட்ட சில்லு அங்கே சுருங்கும்; வட்டை சுருங்கினால் அதனைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டை தளர்ந்து கழன்றுவிடும். இரவிற் சில்லைக் கழற்றி ஆற்றில் ஊறவிடுவர். அல்லது பட்டைக்கும் வட்டைக்குமிடையே மரத்துண்டுகளை ஆப்பாக இறுக்குவர். எதுவும் பயன்படாவிடின் பட்டையைத் தீயிற் காய்ச்சி மீண்டும் பூட்டுவர். இராணுவக் கப்டன் றன்டொல்ப் மார்சி, சமவெளிப் பயணிகளுக்கென 1859 இல் எழுதிய கைந்நூலில், ஒசேச் ஒறேஞ்சு என்னும் மரத்தாற் செய்த சில்லுகளே மிகக் குறைவாகச் சுருங்குவன எனப் பரிந்துரைத்தார். அது ஆதிக்குடிகள் வில் செய்வதற்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்த மரமாகும். கப்டனுக்கு முன்பே அம்மரத்தின் பண்பை அறிந்திருந்தவர் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது திருத்தம் ஏர்க்காலைப் பற்றியது. முன்புறம் அசையாது பொருத்தப்பட்ட ஏர்க்கால் சீரான சாலைக்கே ஏற்றது. முன் சில்லுகள் திடீரெனப் பள்ளத்தில் இறங்கும்போது அது நெம்புகோல் போலாகித் தன்னையோ, தன்னைப் பற்றியிருக்கும் கவைமரங்களையோ முறித்துவிடும். ஆகவே அது பொருந்துமிடத்தில் மூட்டொன்று அமைக்கப்பட்டு, மேலும் கீழும் அசைய விடப்பட்டது. மார்சியும் இதனை வலியுறுத்துகிறார். முன் சில்லுகள் பின் சில்லுகளிலும் சிறியனவாக இருந்தமை வண்டி திரும்புவதற்கு உதவிற்று. ஆயின் சிறிய சில்லு குழியில் ஆழ்ந்து விழும். முற்றிலும் நன்மையே தரும் திருத்தம் வண்டித் தொழிலில் இல்லைப் போலும்.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறலாம். தேய்வுறும் மர அச்சின் முனைகளுக்கு இரும்புக் கவசம் இடப்பட்டது. மாற்று அச்சும் ஆரக்கால்களும் வண்டியின் அடியிற் கட்டப்பட்டன. தாரும் விலங்குக் கொழுப்புங் கலந்த மசகு வாளி பின்னச்சிற் தொங்கிற்று. பெட்டியின் இடுக்குகள் தாரிட்டு அடைக்கப்பட்டன. ஆழமான ஆற்றைக் கடக்கும்போது பெட்டியைச் சில்லுகளினின்றும் கழற்றி ஓடமாக மிதக்கவிட இது வழிசெய்தது. பெட்டிக்குள் இரண்டாந் தளமொன்றை அமைத்து, கீழே தானியமும் மேலே படுக்கையும் வைத்தோர் உளர். வளைத்த மரச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டப்பட்ட கூடாரத் துணி, பலமுறை இரட்டை மடிப்பாகத் தைக்கப்பட்டு, ஆளிவிதை எண்ணெய் பூசப்பெற்றது. இத்தையல் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. சிறு பொருட்களை வைப்பதற்கென அவர்கள் துணியின் உட்புறத்திற் பைகளையும் தைத்தனர். வண்டியின் அமைப்புப் பற்றி நாம் இன்று அறிவனவற்றுட் பல அப்பெண்களின் நாட்குறிப்புகளினின்றே பெறப்பட்டன. மேலேற்றத்தில் இரு வண்டிகளின் எருதுகளை ஒன்றாகப் பூட்டுதல், இறக்கத்திற் சில்லைச் சங்கிலியாற் பிணித்தல், பின்புறம் மரமொன்றைக் கட்டி இழுத்தல் என்பன கருவியிலன்றிக் கையாளும் முறையில் ஏற்பட்ட மாற்றங்கள்.

எனினும் இவையனைத்தினும் கடினமான சிக்கல் பாரமே. 1845 இல் லான்ஸ்போட் ஹேஸ்ரிங்ஸ் வெளியிட்ட வழிகாட்டி நூல், ஆளொருவருக்கு 200 இறாத்தல் மா, 150 இறாத்தல் பன்றியிறைச்சி, 20 இறாத்தற் சீனி, 10 இறாத்தற் கோப்பி, 10 இறாத்தல் உப்பு எனக் கணக்கிடுகிறது. ஆளொருவருக்கு 390 இறாத்தல். வளர்ந்தோர் நால்வருள்ள குடும்பத்துக்கு 1,560 இறாத்தல். வண்டி தாங்கத்தக்க சுமையோ 2,000 தொடக்கம் 2,500 இறாத்தல் வரையே. உணவு நீங்கலாக, கருவி, துப்பாக்கி, படுக்கை, பாத்திரம், மாற்று அச்சு யாவும் எஞ்சிய சிறு அளவுக்குள் அடங்க வேண்டும். வில் எதுவும் அற்ற வண்டி குலுக்கிய குலுக்கலும் சேர, நோயாளரும் சிறுகுழந்தைகளும் தவிர்ந்த பெரும்பாலோர் நடந்தே சென்றமைக்குக் காரணம் இதுவே. இல்லத்தைக் கொண்டு செல்லும் ஊர்தியில் இல்லத்தார் ஏற இடமிருக்கவில்லை!

இக்கணக்கை அறியாதோர்க்குப் பாதையே அதனைக் கற்பித்தது. 1849 இற் பொன் தேடிச் சென்றோரின் பின்னே பயணஞ்செய்த நிலவளவையாளர் ஹவாட் ஸ்ரான்ஸ்பரி, பட்டறைக் கல், துருத்தி, கலப்பை, சாணைக்கல், அடுப்பு, பன்றியிறைச்சி ஆகியன வழிநெடுக எறியப்பட்டுக் கிடந்தமையைத் தமது அறிக்கையிற் பதிவுசெய்தார். 1846 இல் டொனர் குழுவிற் சென்ற ஜேம்ஸ் றீட் குடும்பத்தின் வண்டி இதன் மறுகோடிக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது. பக்கவாயிலும் வில்லிருக்கைகளும் இரும்பு அடுப்பும் கொண்ட மாளிகை வண்டியாக அதனை றீட்டின் மகள் வேர்ஜீனியா 1891 இல் வருணித்தார். சிறுவயதிற் கண்டதை நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் எழுதியதாதலின் அவ்வருணனையை அப்படியே ஏற்றல் தகாது. அவ்வண்டி கலிபோர்ணியாவை அடையவில்லை என்பது மட்டும் உறுதி. அக்குழுவில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பனியில் மடிந்தமைக்கு வண்டியைக் காரணமாக்குவோர் உளர். ஹேஸ்ரிங்ஸ் காட்டிய குறுக்குவழியே பெருங்காரணம் என்பது என் கருத்து. உணவின் இறாத்தலைக் கவனமாக எண்ணிய அதே கை, தான் வண்டியோடு கடந்திராத வழியையும் பரிந்துரைத்தது.

அவ்வாறாயின், பாரத்தைக் குறைத்தலே வெற்றிக்கு வழியா? 1856 ஆம் ஆண்டு இதற்கு விடை கூறுகின்றது. மோர்மன் சபையினர் ஐரோப்பாவினின்று வந்த தமது ஏழை உறுப்பினரை யூற்றாவிற்குக் குறைந்த செலவில் அழைத்து வருவதற்கு எருதும் வண்டியும் வேண்டாம், மக்களே இழுக்கும் இருசில்லுக் கைவண்டி போதும் எனத் தீர்மானித்தனர். அவ்வாண்டு முதலிற் புறப்பட்ட குழுக்கள் நலமே சென்றன. இறுதியில் வந்த வில்லி, மாட்டின் ஆகியோரின் குழுக்களுக்கென அயோவா நகரில் அவசரமாகச் செய்யப்பட்ட வண்டிகளோ பதப்படாத பச்சை மரத்தாலானவை; இரும்பு மிகச் சிறிதளவே சேர்க்கப்பட்டது. வறண்ட சமவெளியில் அவை சுருங்கி விரிசல் கண்டன. மணல் அச்சுகளை அரித்தது. மசகின்மையால் உணவுக்கென வைத்திருந்த பன்றியிறைச்சியும் சவர்க்காரமும் அச்சிற் பூசப்பட்டன. செப்பனிடுதலிற் கழிந்த நாட்கள் அவர்களை ஒக்டோபர் மாதப் பனியிற் கொண்டுபோய் நிறுத்தின. அவ்விரு குழுக்களிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பண்ணை வண்டியைத் திருத்தியவர் அதனோடு நடக்க இருந்தவர். தன் பிள்ளையை அதில் ஏற்ற இருந்தவர். கைவண்டியின் மரமும் இரும்பும் அதனை இழுக்காதவர்களாற் செலவுக் கணக்கைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டன. இவ்வேறுபாட்டினைத் தொழில்நுட்ப வேறுபாடாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

இனி, இவ்வண்டிகள் சென்றது ஆளில்லா நிலத்தின் ஊடாகவன்று. போணி, லக்கோற்றா, சொசோனி முதலிய மக்களின் நிலத்தினூடாகவே அவை சென்றன. ஆற்றுத் துறைகளில் வழிகாட்டியோரும் வண்டிகளைக் கரைசேர்க்க உதவியோரும் பலமுறை அவர்களே. ஆய்வாளர் யோன் அன்றூவின் 1979 ஆம் ஆண்டு நூல், 1840 தொடக்கம் 1860 வரை ஆதிக்குடிகளாற் கொல்லப்பட்ட பயணிகளை 362 எனவும், பயணிகளாற் கொல்லப்பட்ட ஆதிக்குடிகளை 426 எனவும் கணக்கிடுகின்றது. பயணிகளுட் பல்லாயிரவரைக் கொன்றது வாந்திபேதி முதலான நோயே. ஆனால் எருதுகள் மேய்ந்த புல்லும், வெட்டப்பட்ட மரமும், கலைந்தோடிய காட்டெருமைக் கூட்டமும் இக்கணக்கிற் சேரா. 1851 இல் லறமிக் கோட்டை உடன்படிக்கையின்படி பாதைக்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 டொலர் பெறுமதியான பொருட்கள் 50 ஆண்டுகளுக்கு வழங்கப்படுமென வாக்களிக்கப்பட்டது. செனற் சபை அதனைப் பின்னர் 10 ஆண்டுகளாகக் குறைத்தது.

1869 மே 10 ஆந் திகதி இருப்புப்பாதை இரு கரைகளையும் இணைத்தபின் நெடும்பயணத்துக்கென வண்டியைத் திருத்தும் தேவை விரைவாகக் குறைந்தது. சென்றடைந்த வண்டிகளின் கூடாரங்கள் கழற்றப்பட்டன. அவை மீண்டும் வைக்கோல் ஏற்றின. உழைத்துத் தேய்ந்தமையால் உண்மையான பயண வண்டிகளுள் இன்று எஞ்சியவை சிலவே. வயோமிங் மாநிலத்துக் கேண்சி நகருக்கருகே, மென்மையான மணற்கல்லில் அவற்றின் இரும்புப் பட்டைகள் அறுத்துச் சென்ற தடங்கள் சில இடங்களில் ஐந்தடி ஆழத்திற் காணப்படுகின்றன.