மலிவுத் துப்பாக்கியும் அதைத் திருத்தியவர்களும்

துப்பாக்கி என்ற சொல் தமிழுக்குத் துருக்கியிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாய்வாளர்கள் நெடுநாள் முன்பே காட்டிவிட்டனர். ‘துப்பு’ என்பதற்கு வலிமை என்றொரு பொருள் உண்டென்பதால் அதிலிருந்து இதை இழுத்துவர முயல்வோர் இன்றும் உளர். அது ஆசையே தவிர ஆராய்ச்சி அன்று. அத்துருக்கிச் சொல்லின் பழைய வடிவம் 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் காஷ்கரி தொகுத்த அகராதியில் இருக்கிறது. அங்கே அதற்கும் வெடிமருந்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மரப்பட்டையைக் குழல்போல் உரித்தெடுத்து, அதில் சிறு உருண்டையை இட்டுச் சிட்டுக்குருவிகளை எய்யும் கருவி அது. வெடிமருந்து வந்தபின் பெயர் புதியவனுக்குப் போயிற்று. நியாயப்படி பார்த்தால், ‘காற்று’ என்று அடைமொழி கொடுத்து நாம் விளையாட்டுப் பொருள்களோடு ஒதுக்கிவைத்திருக்கும் துப்பாக்கியே அப்பெயருக்கு மூத்த உரிமையுடையது.

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் காற்றுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் ஒரேயொரு பெயரோடு நிறுத்திக்கொள்வர்: ஜிரார்டோனி. திரோல் நாட்டுக் கைவினைஞரான பார்த்தொலோமேயோ ஜிரார்டோனி வடிவமைத்த துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780இல் ஏற்றது. பின்கட்டையே காற்றுக் கலம். அதை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1500 முறை அடிக்க வேண்டும் என்பர். நிரப்பிவிட்டாலோ, பக்கவாட்டுக் குழலில் வரிசையாக நிற்கும் சுமார் இருபது குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, புகையின்றிச் சுடலாம். ஏனைய படைவீரர்கள் ஒவ்வொரு முறையும் மருந்திட்டுக் கெட்டித்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவின் மேற்கை அளக்கப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ் தம்மோடு கொண்டுசென்ற காற்றுத் துப்பாக்கியும் இவ்வகையினதே என்று இன்று ஆய்வாளருள் பலர் கருதுகின்றனர். பயணத்தின் முதல் நாளான 1803 ஆகஸ்ட் 30 அன்றே, பிட்ஸ்பர்குக்கு அருகில், வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் கைபட்டு அது வெடித்து, நாற்பது கஜம் தள்ளி நின்ற பெண்ணொருத்தியின் நெற்றிப்பொட்டை உரசிச் சென்றது. அவள் இறந்துவிட்டாள் என்றே முதலில் அஞ்சினர், நல்வேளையாகப் பிழைத்தாள். ஓசை அதிகம் இல்லாததைத் தீங்கற்றதென்று எண்ணும் மனித மயக்கம் பழையது.

ஜிரார்டோனியின் துப்பாக்கி தோற்றது திறனின்மையால் அன்று. கலம் கசிந்தது, தோல் அடைப்புகள் காய்ந்தன, பழுதுபார்க்கத் தேர்ந்த கைவினைஞர் வேண்டியிருந்தது. சில பத்தாண்டுகளில் படை அதைக் கைவிட்டது. சிறந்த பொருள், ஆனால் வாங்கியவனால் திருத்த முடியாத பொருள். நம் பார்வையில் காற்றுத் துப்பாக்கியின் உண்மையான வரலாறு இதற்கு நூறாண்டுகள் கழித்து, மலிவான சரக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் ஊரில் 1882இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் இரும்புக் காற்றாலைகளைச் செய்து உழவர்களுக்கு விற்றுவந்தது. 1880களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர் உலோகத்தாலேயே ஆன ஒரு சிறு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினார். காற்றாலை வாங்குவோருக்கு இனாமாகக் கொடுக்க நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. விரைவிலேயே இனாம் முதலை விழுங்கியது. 1895இல் நிறுவனம் தன் பெயரையே டெய்சி என்று துப்பாக்கியின் பெயருக்கு மாற்றிக்கொண்டது. காற்றில் தண்ணீர் இறைக்க வந்தவர்கள் காற்றில் குண்டு விட்டுப் பிழைத்த கதை இது. ஆனால் டெய்சியின் குழல் உட்புறம் வழவழப்பானது. சிறுவர் மகிழ்வர், குறி தவறும்.

குறியைப் பற்றிக் கவலைப்பட்டவர் பர்மிங்ஹாமில் இருந்தார். லிங்கன் ஜெஃப்ரிஸ் என்ற அந்தத் துப்பாக்கி வினைஞரின் காலத்தில் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ‘ஜெம்’ என்னும் மலிவுக் காற்றுத் துப்பாக்கிகள் இங்கிலாந்துக் கடைகளில் வந்து குவிந்திருந்தன. ஜெஃப்ரிஸ் அவற்றை இகழவில்லை. அவற்றுக்கு உட்புறம் சுருள்வரி வெட்டிய குழல்களைப் பொருத்தி விற்றார். பொம்மை துப்பாக்கியாயிற்று. ‘மலிவானதை வாங்கித் திருத்துதல்’ என்று இன்று பலர் பொழுதுபோக்காகச் செய்வதன் முன்னோடி இவரே என்று கொள்வதில் பிழையில்லை. பின்னர், குழல் அசையாது நிற்க, அடியிலுள்ள நெம்புகோலால் சுருள்வில்லை இழுக்கும் தம் சொந்த அமைப்பை அவர் உருவாக்கினார். போயர் போர் முடிந்து இராணுவக் கொள்முதல் குறைந்திருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை 1905இல் அதைச் செய்து விற்கத் தொடங்கியது.

அதை வாங்கியவர்கள் பலர் தொழிலாளிகள். நடுவிங்கிலாந்தின் மதுக்கடைகளில் மணியடிக்கும் போட்டி அப்போது பெருகியிருந்தது. இரும்புத் தகட்டின் நடுவே 3/8 அங்குலத் துளை. அதன்பின் ஒரு மணி. ஆறேழு கஜத்திலிருந்து சுட்டால் குண்டு துளைக்குள் நுழைந்து மணி ஒலிக்க வேண்டும். துளை சுண்டுவிரல் அளவே என்பதை நினைவில் கொண்டால் அந்த மணியோசையின் அருமை புரியும். இடை சிறுத்து, நம் உடுக்கையின் வடிவிலிருக்கும் ஈயக் குண்டு பரவியதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான்; அதன் பின்விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து சுருள்வரியைப் பற்றிக்கொள்ளும். நில உடைமையும் வேட்டைக்காடும் இல்லாதவர்களுக்குத் துப்பாக்கி சுடுதல் ஒரு கலையாக வாய்த்த இடம் இந்த மதுக்கடைகளே. பிரபுக்களின் வேட்டைக்கு எழுதப்பட்ட பக்கங்களில் ஒரு பங்குகூட இதற்கு எழுதப்படவில்லை.

இவ்வகைத் துப்பாக்கியின் உள்ளே இருப்பது மிக எளிது. சைக்கிள் பம்பை அறிந்தவர் இதையும் அறிவர். சுருள்வில் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் முனையிலுள்ள வாஷர் காற்றை நெருக்குகிறது. நெருங்கிய காற்று சிறு துளை வழியே பாய்ந்து குண்டை உந்துகிறது. மலிவானதற்கும் விலையுயர்ந்ததற்கும் வேறுபாடு வடிவத்தில் குறைவு, முடிப்பில் அதிகம். மலிவுச் சரக்கைப் பிரித்தால், கடைசலில் விழுந்த உலோகத் துகள் குழாய்க்குள்ளேயே கிடக்கும். வெட்டிய விளிம்புகளில் பிசிறு நின்று வாஷரைக் கிழிக்கும். சுருள்வில் தன் வழிகாட்டித் தண்டில் தளர்ந்து ஆடி, சுடுந்தோறும் நரம்புக்கருவிபோல் அதிரும். திருத்துவோன் செய்வது பெரும்பாலும் கழித்தல் வேலை: துகளைத் துடைத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, வாஷரைப் பொருந்த மாற்றி, வில்லுக்கு இறுக்கமான தண்டு கடைந்து, கெட்டியான பசையைச் சிறிதளவு தடவி மூடிவிடுவது.

இதை நினைக்கும்போது ஏட்டுச்சுவடிப் பதிப்பு நமக்கு நினைவுக்கு வருகிறது. நல்ல பதிப்பாசிரியர் எழுதியோர் செய்த பிழையைக் களைவார். தாமாகப் பாட்டுக் கட்டிச் சேர்க்கமாட்டார். சுருள்வில்லை எடுத்தெறிந்து அதனினும் வலிய வில்லைத் திணிப்பவர் இடைச்செருகல்காரர். அவருக்குக் கிடைப்பது கூடுதல் வேகத்தைவிடக் கூடுதல் உதைப்பே. வில் பிஸ்டனைத் தள்ளத் தொடங்கும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும்; பிஸ்டன் முனையில் போய் நிற்கும்போது முன்னே துள்ளும். குண்டு குழலை விட்டு நீங்குமுன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுவதால்தான் இவ்வகைத் துப்பாக்கியை இறுகப் பற்றாமல் தளர்வாகத் தாங்கச் சொல்கிறார்கள்.

வேகத்தின் மேலுள்ள மோகத்துக்கு அறிவியல் விடை தேடியவர்கள் இங்கிலாந்தின் கார்டியூ தந்தையும் மகனும். 1970களில் அவர்கள் ஒரு சுருள்வில் துப்பாக்கியை ஆக்சிஜன் நீக்கி நைட்ரஜன் நிரப்பிய சூழலில் சுட்டுப் பார்த்தனர். வேகம் வெகுவாகச் சரிந்தது. காற்றின் வலிமை என்று நாம் எண்ணியதில் ஒரு பங்கு, வாஷரிலிருந்து கசிந்த எண்ணெய் அழுத்தத்தின் சூட்டில் எரிவதால் வந்தது என்பது தெளிவாயிற்று. இதை அரைகுறையாகக் கேட்டவர்கள் எண்ணெயை வேண்டுமென்றே ஊற்றினர். டீசல் எஞ்சின்போல் வெடித்து வில்லை முறித்துக்கொண்டனர்.

சட்டமும் தன் பங்குக்கு வேலை செய்தது. பிரிட்டன் 1969 முதல் காற்று ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல், என்று வரம்பிட்டது. அதை மீறினால் உரிமம் வேண்டும். ஜெர்மனியில் உரிமமற்ற வரம்பு 7.5 ஜூல்தான். வலிமையைக் கூட்டும் வழி அடைபட்டதால் அந்நாடுகளின் திருத்துவோர் மென்மையையும் துல்லியத்தையும் நோக்கித் திரும்பினர். எலி, முயல் வடிவத் தகடுகளில் சிறு துளையிட்டுச் சுடும் களப்போட்டி 1980களில் பிரிட்டனில் வளர்ந்தது இந்தச் சூழலில்தான். அதிகாரம் போட்ட வேலி கலையை வளர்த்த அரிய நேர்வுகளுள் இது ஒன்று என்பது நம் எண்ணம்.

நம் நாட்டில் கதை வேறு வகையாகச் சென்றது. கடற்கரையிலும் திருவிழாவிலும் பலூன் சுடும் கடைகளின் தளர்ந்த வில்துப்பாக்கியே நம்மில் பெரும்பாலோருக்கு அறிமுகம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 0.177 அங்குலத் துளையையும் 20 ஜூலையும் தாண்டாதவற்றை உரிமத்திலிருந்து விலக்கின. பத்து மீட்டர் காற்று ரைஃபிள் பிரிவில் அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் வென்ற தங்கம் பல இளைஞரை இத்துறைக்கு இழுத்தது. அதே மலிவுத் துப்பாக்கி வடகிழக்கு மலைகளில் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. உரிமம் வேண்டாதது, ஓசை குறைந்தது, குண்டு விலை சொற்பம். காட்டுப் பறவைகள் மரத்துக்கு மரம் குறைந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கும் கருவியை யார் கண்காணிப்பது?

அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் மாவட்டத்து லும்டுங் சிற்றூரில் அதற்கொரு விடை தொடங்கியது. அரசு பறிக்கவில்லை, தாமாக முன்வந்து ஒப்படைக்கக் கேட்டது. அவ்வூர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்தனர். பிற மாவட்டங்களும் தொடர்ந்தன. அடுத்த ஓராண்டில் ஒப்படைக்கப்பட்டவை ஆயிரத்தைத் தாண்டின. வேட்டையை மரபாகக் கொண்ட குடிகள், தம் கைக்காசு கொடுத்து வாங்கி, எண்ணெயிட்டு, பழுதுபார்த்து வைத்திருந்த துப்பாக்கிகள் அவை.