ஈத்தேனின் இருபெயர் வழக்கு

நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்களுக்குப் பாரஃபின் என்னும் பெயரும் உண்டு. ரைஹன்பாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1830இல் மரத்தாரிலிருந்து பிரித்தெடுத்த மெழுகுக்கு இட்ட பெயர் அது. 'உறவு குறைந்தது' என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். அமிலத்தொடும் காரத்தொடும் எளிதிற் கூடாமை நோக்கி இட்ட காரணப்பெயர், பின்னர் இனம் முழுமைக்கும் உரியதாயிற்று. இவ்வினத்தில் ஒவ்வொரு கரி அணுவும் நான்கு ஒற்றைப் பிணைப்புகளைக் கொண்டு நிறைந்து நிற்கின்றது. புதிய அணு வந்து சேர இடமில்லை. உள்ள ஹைட்ரஜனை விலக்கியே வேறொன்று புகுதல் கூடும். ஒளியின் துணையால் குளோரின் அங்ஙனம் புகுகின்றது.

அந்நான்கு பிணைப்புகளும் தம்முள் ஒத்தனவோ? இக்காலப் பாடநூல்கள் இதனை வினாவாகவே எண்ணுவதில்லை. ஆயின் 1864 வரை இது தீராதிருந்தது என்பதையும், அதனைத் தீர்த்தது ஒரு பெயர்க் குழப்பத்தின் ஆராய்ச்சியே என்பதையும் யாம் ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

1849இல் கோல்பே, பொட்டாசியம் அசெட்டேட்டுக் கரைசலில் மின்னோட்டம் செலுத்தி ஒரு வளியைப் பெற்று, அதனை 'மெத்தில்' என்றார். ஏறத்தாழ அதே காலத்தில் ஃபிராங்க்லாண்டு, எத்தில் அயோடைடைத் துத்தநாகத்தொடும் நீரொடும் சேர்த்துச் சூடாக்கிப் பெற்ற வளியொன்றை 'எத்தில் ஹைட்ரைடு' என்றார். கரி இரண்டு, ஹைட்ரஜன் ஆறு என்னும் அளவில் இரண்டும் ஒன்றே. எனினும் முன்னது இரு மெத்தில்களின் கூட்டு, பின்னது எத்திலும் ஹைட்ரஜனும் கூடியது எனப் பிறப்பு வேறாதலின், பொருளும் வேறெனப் பலர் கொண்டனர். கரியின் பிணைப்புகள் தம்முள் வேறுபடின் அங்ஙனம் இருத்தலும் கூடும். நிகண்டு கற்றார்க்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும்: எதிர்ப்பட்டிருப்பவை இரு பொருள்களா, ஒரு பொருளின் இரு பெயர்களா என்பதே வழக்கு.

இதனைத் தீர்த்தவர் கார்ல் ஷோர்லெம்மர். டார்ம்ஸ்டாட்டில் 1834இல் பிறந்து, 1859இல் மான்செஸ்டர் சென்று ராஸ்கோவின் உதவியாளராய் அமர்ந்தவர்; எங்கெல்சின் நெருங்கிய நண்பர். அவர் 1864இல் இரு வளிகளையும் தனித்தனியே குளோரினுக்கு உட்படுத்தினார். இரண்டினின்றும் கிடைத்தது, 12 பாகை செல்சியசில் கொதிக்கும் எத்தில் குளோரைடே. விளைபொருள் ஒன்றாகவே, மூலமும் ஒன்று என்றார்.

இச்சோதனையாலேயே நான்கு பிணைப்புகளும் ஒத்தன என்பது முற்றும் நிறுவப்பெற்றது என எழுதுவோர் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. இருவழிப் பிறந்த பொருள் ஒன்றே என்பதைத்தான் அவர் காட்டினார். மெத்தேனின் நான்கு ஹைட்ரஜன்களையும் தனித்தனியே மாற்றிப் பார்த்து ஒப்புமை காட்டியவர், 1880களில் பெல்ஜியத்து லூயி ஆன்றி. ஆயினும் ஷோர்லெம்மரின் முடிவு மாறியிருப்பின் கட்டமைப்புக் கொள்கை தொடக்கத்திலேயே தடுமாறியிருக்கும். ஈத்தேன் இரண்டாயின், மாற்றியங்களை எண்ணிக் கூறுதற்கு அளவுகோலே இல்லை.

பிணைப்புகள் ஒத்தன எனக் கொள்ளின் அவ்வெண்ணிக்கை வரையறுக்கப்படுகின்றது: பியூட்டேன் இரண்டு, பென்ட்டேன் மூன்று. பூட்லெரோவ் இவ்வாறு கணித்ததோடு ஐசோபியூட்டேனை ஆக்கியும் காட்டினார். மூன்றாம் பென்ட்டேனை ஆக்கியவர் அவர் மாணாக்கர் லவோவ். அணுத்தொகை ஒன்றேயாயினும், நேர்த்தொடருடையது 36 பாகையிலும், ஒரு கிளையுடையது 28 பாகையிலும், ஒரு கரியைச் சூழ நான்கு மெத்தில்கள் நிற்பது ஏறத்தாழ 10 பாகையிலும் கொதிக்கின்றன. கிளைத்த மூலக்கூறு உருண்டு திரள, அடுத்ததனொடு தொடும் பரப்புச் சுருங்கி, ஈர்ப்புக் குறைதலே காரணம்.

1866இல் ஹோஃப்மன் இவ்வினத்திற்கு முறையான பெயர்வரிசை வகுத்தார். அதன்பின் 'எத்தில் ஹைட்ரைடு' மெல்ல வழக்கொழிந்தது. 'மெத்தில்' தனி வளியின் பெயராதல் நீங்கி, உறுப்பின் பெயராய் மட்டும் எஞ்சியது.