ஆணையும் ஆய்வும்

அரசன் ஆணையிட்டால் அலை ஓயுமா? ஓயாது. காய்ச்சல் தணியுமா? தணியாது. இதை ஒப்புக்கொள்ள எவரும் தயங்கமாட்டார். ஆயினும், எந்த மருத்துவம் மெய், எந்த மருத்துவம் பொய் என்பதை ஆணையாலேயே முடிவுகட்ட முனைந்த அரசுகள் உண்டு. சீன நாட்டுக் குத்தூசி மருத்துவத்தின் வரலாறு அதற்குத் தக்க சான்று. அந்த வரலாற்றைப் பகுத்தறிவு நாடும் இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம். ஏனெனில், பழமையைத் தொழுவோருக்கு மட்டுமல்ல, பழமையைத் தூற்றுவோருக்கும் அதிலே பாடம் இருக்கிறது.

குத்தூசி மருத்துவம் என்பது யாது? உடலில் 'சி' என்றோர் உயிராற்றல் ஓடுகிறது; அது ஓடுவதற்குப் பாதைகள் உள்ளன; பாதை அடைபட்டால் நோய்; குறித்த புள்ளியில் ஊசி செருகினால் அடைப்பு நீங்கும் — இதுதான் அதன் கோட்பாடு. ஊசிக்குத் துணையாக, மாசிபத்திரி இலையை உலர்த்திப் பஞ்சுபோலாக்கி, தோலின் மீதோ அருகிலோ கொளுத்திச் சூடு வைப்பதும் உண்டு. இதற்கு மூலநூலாகக் கொள்ளப்படுவது மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல். ஆண்டுக்கு நாட்கள் 365. உடலிலே புள்ளிகளும் 365! பேராறுகள் பன்னிரண்டு, உடலிலே பாதைகளும் பன்னிரண்டு! வானத்தையும் நிலத்தையும் அளந்த கணக்கை மனிதனின் மேனிமீது எழுதி வைத்தனர் அந்நாளைய அறிஞர்.

மஞ்சள் பேரரசர் புராண மன்னர். அவர் அருளிய கலை, ஐயாயிரம் ஆண்டுப் பழமை, அணுவும் மாறாதது என்று பெருமை பேசுவோர் உண்டு. மண் வேறு கதை சொல்லிற்று. 1973-இல் சீனத்தின் மாவாங்துய் என்னுமிடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தனர். கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே பட்டுத் துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றில் பாதைகள் பன்னிரண்டு அல்ல, பதினொன்று! சூடு வைக்கும் முறை இருக்கிறது; பாதைகளில் ஊசி குத்தும் முறை இல்லை. கூட்டியும் குறைத்தும் திருத்தியும் மனிதர்கள் வளர்த்த கலை அது. அதனால் அதற்கு இழிவில்லை, புனிதம்தான் இல்லை.

கி.பி. 1027-ஆம் ஆண்டில், சோங் மரபினர் ஆட்சியில், வாங் வெய்யி என்ற அரசவை மருத்துவர் புள்ளிகள் பொறித்த வெண்கலப் பதுமைகளை வார்ப்பித்தார். பதுமையின்மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி, மாணவனிடம் ஊசியைக் கொடுப்பார்களாம். சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும், மாணவன் தேர்ந்தான்! அருமையான தேர்வு, ஐயமில்லை. ஆனால், தேர்ந்தது யார்? புள்ளி எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்த மாணவன் தேர்ந்தான். அந்தப் புள்ளியில் குத்தினால் நோயாளி பிழைப்பானா என்ற வினாவைப் பதுமையிடம் எவரும் கேட்கவில்லை. வெண்கலத்துக்கு வலியேது, வாயேது?

இனி, ஆணைகளின் கதைக்கு வருவோம். 1822-இல் தாவோ குவாங் பேரரசர், அரசவை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசியையும் சூட்டையும் நீக்கிவிட ஆணையிட்டார். ஆய்ந்து பார்த்துப் பயனில்லை என்று கண்டாரா? இல்லை! அரசரின் திருமேனியில் ஊசி குத்துவதும் நெருப்பு வைப்பதும் தகாது என்பதே காரணம். திருமேனிக்கு ஆகாதது தெருமேனிக்கு ஆயிற்று. அரண்மனைக்கு வெளியே ஊசி ஓயவில்லை.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆணைக்கு முன்னே ஆய்வு நடந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்கிறோம். 1910-இன் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவிற்று. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற வூ லியன் தே, 31 வயது இளைஞர், ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெரும்பாவம் என்று கருதிய நாட்டில் அவர் ஒரு பிணத்தை அறுத்தார். நுண்ணோக்கியில் கிருமியைக் கண்டார். நோய் எலியால் அன்றி மூச்சுக்காற்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று உரைத்தார். பருத்தித் துணியும் பஞ்சும் கொண்ட முகமூடியை அணியச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர், தம் அனுபவத்தை நம்பி, முகமூடியை மறுத்தார். சில நாட்களில் மாண்டார். கிருமி கீழை மருத்துவன், மேலை மருத்துவன் என்று பார்ப்பதில்லை! உறைந்த நிலத்தில் புதைக்க முடியாமல் கிடந்த பிணங்களை எரிக்க வூ அனுமதி கேட்டார். முன்னோர் வழிபாட்டில் ஊறிய அரசு அனுமதித்தது. சுமார் 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் 1911 வசந்தத்துக்குள் அடங்கிற்று. நோயுற்றவரைப் பிழைக்கவைக்கும் மருந்து அன்று எந்த மருத்துவத்திடமும் இல்லை. நோயற்றவரைக் காக்கும் அறிவு இருந்தது. இங்கும் ஆணை பிறந்தது. ஆனால், ஆய்வு முன்னே நடந்தது, ஆணை பின்னே வந்தது.

1929-இல் முறை மீண்டும் மாறிற்று. ஜப்பானில் மருத்துவம் பயின்ற யூ யுன்ஷியூ, பழைய மருத்துவத்தைப் படிப்படியாக ஒழிக்கும் திட்டத்தைத் தேசிய அரசின் சுகாதாரக் குழுமுன் வைத்தார். மார்ச்சு 17-ஆம் நாள் ஷாங்காயில் மரபு மருத்துவர்கள் திரண்டு எதிர்த்தனர். நாட்டின் மானம், முன்னோரின் செல்வம் என்றெல்லாம் முழக்கங்கள் எழுந்தன, திட்டம் கைவிடப்பட்டது. ஒழிக்க வந்தவர்கள் சட்டத்தை நம்பினர். காக்க வந்தவர்கள் பெருமையை நம்பினர். இத்தனை நோயாளிகளுக்குக் குத்தினோம், இத்தனை பேர் தேறினர், குத்தாமலே இத்தனை பேர் தேறினர் என்ற கணக்கு அந்தச் சண்டையிலே தீர்ப்புச் சொல்லவில்லை.

1949-க்குப் பின் பொதுவுடைமை அரசு வந்தது. ஐம்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள். புதிய மருத்துவம் கற்றவர்களோ மிகச் சிலர். பழைய மருத்துவர்களையும் சேர்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. 1955-இல் பீகிங்கில் மரபு மருத்துவ ஆய்வுக் கழகம் எழுந்தது; 1956-இல் நான்கு நகரங்களில் கல்லூரிகள் தோன்றின. ஆனால், மரபு மருத்துவத்தை வளர்க்கச் சொன்ன மா சே துங், தாம் அதை நம்புவதில்லை, உண்பதுமில்லை என்று தம்மிடம் கூறியதாக அவருடைய மருத்துவர் லீ ஜிசுயி 1994-இல் வெளியிட்ட நினைவு நூலில் எழுதினார். பேரரசர் தம் மேனிக்கு வேண்டாம் என்று நீக்கினார். தலைவர் தமக்கு வேண்டாததை மக்களுக்குப் பரப்பினார். இரண்டும் ஆணைதான்!

1971-இல் நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங்கில் குடல்வால் அறுவைக்கு ஆளானார். அறுவை நடந்தது வழக்கமான மரப்பு மருந்தின் உதவியால். மறுநாள் இரவு வயிற்றில் ஏற்பட்ட உப்புசத்துக்குத்தான் ஊசி. அவர் அதைத் தெளிவாகவே எழுதினார். ஊர்வாய் என்ன சொல்லிற்று? ஊசி குத்தியே வயிற்றை அறுத்தார்கள் என்று சொல்லிற்று! மேலைநாடுகளில் ஊசிக்கு வாழ்வு வந்தது.

பிறகாவது கணக்குப் பார்த்தார்களா? பார்த்தார்கள். ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்புவலி கொண்ட 1,162 பேரை மூன்று பிரிவாக்கி நடத்திய சோதனை 2007-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு நூல் கூறும் புள்ளிகளில் ஊசி; ஒரு பிரிவுக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமான ஊசி; மூன்றாம் பிரிவுக்கு மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு திங்களுக்குப் பின் தேறியவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 விழுக்காட்டினர். ஊசியால் ஒன்றுமே இல்லை என்று எள்ளி நகையாட இந்தக் கணக்கு இடம் தரவில்லை. வலி குறைந்தது மெய். ஆனால், புள்ளியில் குத்தினாலும் புள்ளி தவறிக் குத்தினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்றால், அந்த 365 புள்ளிகள் எதற்கு? பன்னிரண்டு பாதைகள் எங்கே? நம்பிக்கையும், பரிவோடு தொடும் கையும், குத்தலின் உணர்ச்சியும் வலியைத் தணிக்கலாம். காசநோயையும் புற்றையும் நீரிழிவையும் அவை தணிக்கமாட்டா. இடுப்புவலிக்கு ஊசி தேடியவன் இழப்பது சில காசு. புற்றுக்கு ஊசியை நம்பி மருந்தைத் துறந்தவன் இழப்பது உயிர்.

அப்படியானால் பழைய ஏடுகளைக் கொளுத்திவிடலாமா? அதற்கு விடை அதே பீகிங் கழகத்தில் இருக்கிறது. 1967 மே 23-ஆம் நாள் மலேரியாவுக்கு மருந்து தேடும் மறைவான திட்டம் தொடங்கிற்று. 1969-இல் அதில் சேர்ந்த தூ யூயூ என்ற அம்மையார், 2,000-க்கு மேற்பட்ட பழைய மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார். பெரும்பாலானவை தேறவில்லை, தள்ளினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய நூலில், ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லும் குறிப்பு இருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே, வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்றார். குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் அது எலியிடம் வென்றது. 1972-இல் தாமும் தோழர்களும் முதலில் உண்டு பார்த்து, அதன்பின்னரே நோயாளிக்குக் கொடுத்தனர். ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015-இல் அம்மையார் நோபல் பரிசு பெற்றார்.

அந்தச் செடி எது தெரியுமா? சூடு வைக்கப் பயன்படும் மாசிபத்திரிக்கு உறவான செடி. நம்மூர்ப் பூக்கடையில் மணக்கும் மரிக்கொழுந்தும் அதே இனம். ஒரே குடும்பத்துச் செடிகள் — ஒன்று ஈராயிரம் ஆண்டாகத் தோலின்மேல் புகைந்துகொண்டிருக்கிறது. மற்றொன்று சோதனைச் சாலைக்குள் நுழைந்து உலகையே காத்தது!

தோழர்களே! நம்மிடமும் ஏடுகள் உண்டு. நம் ஏட்டை நம்பு என்போரும் உண்டு, எரி என்போரும் உண்டு. இருவரிடமும் ஒரே வினாவைக் கேளுங்கள்: நோயாளியிடம் சோதித்தீரா, கணக்கைக் காட்டுவீரா? காட்டினால் வணங்கி ஏற்போம்; அது எந்த நாட்டதாயினும், எத்தனை பழையதாயினும் சரி. காட்டாதவரை, படுக்கையில் கிடக்கும் தாய்க்கு அந்த மருந்தைக் கொடுக்க எந்தப் பெருமைக்கும் உரிமை இல்லை.