உப்பும் குறியெதிர்ப்பையும்: சங்கப் பாடல்களில் எளிய இல்லத்தின் தன்னிறைவு

நம் நாட்டுச் சிற்றூர் பிறரை எதிர்பாராது தன் தேவைகளைத் தானே நிறைவு செய்துகொண்ட ஒரு தனியுலகம் என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 1830-இல் சார்லசு மெட்காபு என்னும் ஆங்கில ஆட்சியாளர், சிற்றூர்களைச் சிறு குடியரசுகள் என்று தம் குறிப்பொன்றில் வருணித்தார். தமக்கு வேண்டுவன ஏறத்தாழ எல்லாவற்றையும் அவை தம்முள்ளேயே பெற்றிருந்தன என்பது அவர் கூற்று. அக்கூற்றைப் பின்னர் எடுத்தாண்டவர் பலர் 'ஏறத்தாழ' என்னும் சொல்லை நழுவவிட்டனர். சங்ககாலத் தமிழகத்தைப் பற்றி எழுதுவோரும், உழவன் இல்லம் உணவையும் உடையையும் தன் எல்லைக்குள்ளேயே ஆக்கிக்கொண்டது என்று பெருமிதத்தோடு கூறிச் செல்வதுண்டு. பாடல்களோ அவ்வாறு கூறவில்லை. அவற்றுள் காணும் எளிய இல்லம் சிக்கனம் மிக்கது, கடுமையாக உழைப்பது, ஆயினும் தன்னிறைவு பெற்றதன்று. அதன் குறை எங்கே வெளிப்படுகின்றது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இல்லத்துள் ஆக்கப்படுவனவற்றை நோக்குவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை இதற்குச் சிறந்த சான்று. பாணன் செல்லும் வழியில் உள்ள குடில்களை ஒவ்வொன்றாக அப்புலவர் காட்டிச் செல்கின்றார். எயினர் குடில் ஈந்தின் ஓலையால் வேயப்பட்டது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு முள்ளம்பன்றியின் முதுகு போலத் தோன்றுவது. அக்குடிலின் மகளிர் இரும்புப் பூணிட்ட கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுவர். விளாமரத்து நிழலில், நிலத்திலேயே தோண்டப்பட்ட உரலில் இட்டுச் சிறிய உலக்கையால் குற்றுவர். ஆழ்ந்த கிணற்றில் சிறிதே ஊறும் உவர்நீரை முகந்து, வாய் சிதைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைப்பர். உரல் வாங்கப்பட்டதன்று, அரிசி விளைக்கப்பட்டதுமன்று, பானை உடைந்த பின்னரும் பயன்பட்டுக்கொண்டிருக்கின்றது. ஒரு சிக்கன இல்லத்தின் பொருட்பட்டியலை இதனினும் குறைக்க இயலுமா என்று எண்ணத் தோன்றுகின்றது.

உடையைப் பற்றிய செய்தி சிறிதே. பருத்தி நூற்கும் பெண்டிரைப் புறநானூறு 125, 326 ஆகிய பாடல்கள் குறிக்கின்றன. பின்னையது, இரவில் சிறு விளக்கொளியில் அவள் விழித்திருத்தலையும் காட்டுகின்றது. கொடுமணலிலும் கீழடியிலும் அகழாய்வில் கிடைத்த தக்களிகள் இத்தொழிலின் பரவலுக்குச் சான்றாவன. எனினும் நூற்றவள் தன் நூலைத் தானே நெய்தாளா, பிறரிடம் கொடுத்து நெய்வித்தாளா என்பது இப்பாடல்களால் விளங்கவில்லை.

ஆயர்மகளின் செய்தி இன்னும் நுட்பமானது. அவள் விடியலில் எழுந்து தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கின்றாள். மோரைத் தலையில் சுமந்து சென்று தானியத்திற்கு மாற்றுகின்றாள். அத்தானியத்தால் தன் சுற்றம் முழுவதையும் உண்பிக்கின்றாள். நெய்யை விற்கும்போதோ பொன்னை விலையாகக் கொள்ள மறுத்து, எருமையையும் பசுவையும் எருமைக் கன்றையும் பெறுகின்றாள். பொன்னைப் புறக்கணித்த எளிமை என்று இதனைப் பாராட்டுவாருளர். யான் இதனை வேறாகக் கொள்வேன். பொன் பால் சுரவாது, கன்று ஈனாது. மோரை அன்றாட உணவிற்கும் நெய்யை முதற்பொருளைப் பெருக்குதற்கும் என்று அவள் பிரித்து வைத்திருக்கின்றாள். இது கணக்கறிந்த மனைமகளின் செயல். ஈண்டு நாம் கருதவேண்டிய மற்றொன்று, மோர் வெளியே செல்லாவிடின் அவ்வில்லத்தில் அடுப்பு எரியாது என்பதாகும். தன்னிறைவு என்னும் சொல்லை இவ்வில்லத்திற்கு எவ்வாறு பொருத்துவது?

இனி, எவ்வில்லமும் தன்னுள் ஆக்கிக்கொள்ள இயலாத பொருள் ஒன்று உண்டு. அஃது உப்பு. கடற்கரையின் உப்பை உள்நாட்டிற்குக் கொண்டு சென்றவர் உமணர். அவர்தம் வண்டி வரிசைகளையும், அச்சு முறியின் மாற்றுதற்கென்று வைத்த சேமஅச்சையும் சங்கப் புலவர் பலகாலும் குறிப்பர். அம்மூவனார் பாடிய அகநானூறு 140, 390 ஆகிய இரு பாடல்களிலும் உப்பு விற்கும் பெண் நெல்லும் உப்பும் நேர் என்று கூவிச் செல்கின்றாள். ஓரளவு நெல்லுக்கு அதே அளவு உப்பு என்பதே அதன் பொருள். இவை காதற் பாடல்கள். கூவி விற்பவளின் குரலைச் சந்தை விலையாக எண்ணிவிடலாகாது என்பது உண்மையே. ஆயினும் ஒரே புலவர் இருமுறை இவ்வொப்புமையைக் கூறுதலும், அதனைக் கேட்டோர் வியப்பதாகக் காட்டாமையும், அம்மாற்று அக்காலத்தார்க்குப் பழகியதே என்று கருத இடந்தருகின்றன.

இவ்விலையை மனத்திற்கொண்டு வறியோர் அடுக்களையை நோக்குக. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் கிணைவன் இல்லத்தில் கூரை சரிந்துள்ளது. சுவரில் காளான் பூத்துள்ளது. அண்மையில் ஈன்ற நாய் குரைக்கின்றது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைக்கின்றாள். புறநானூறு 159-இல் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் இல்லத்து நிலையை உரைக்கும்போது, அவர் மனைவியும் குப்பைக் கீரையையே பறிக்கின்றாள். முன்பு பறித்த இடத்தில் மீண்டும் துளிர்த்த இளந்தளிரைப் பறிக்கின்றாள். அங்கும் உப்பில்லை, மோரில்லை, சோறில்லை. இருவேறு புலவர், இருவேறு புரவலரைப் பாடும்போது, வறுமையின் அடையாளமாக ஒன்றையே தேர்ந்துள்ளனர். இது புலவர் மரபு, பரிசில் வேண்டி மிகைப்படுத்தியது என்று தள்ளுவாரும் உளர். மரபேயாயினும், கேட்போர் உணரும் அடையாளத்தையன்றோ மரபு தேர்ந்துகொள்ளும்? கீரை விலையின்றிக் கிடைக்கும். நீரும் விறகும் உழைப்பால் கிடைக்கும். உப்பு மட்டும் தானியம் கொடுத்தன்றிக் கிடையாது. ஆதலின் தானியம் அற்ற இல்லம் உப்பும் அற்றதாயிற்று. உப்பின்மையைச் சுவைக்குறை என்று மட்டும் உரைகூறிச் செல்வது பாடலின் பொருளைக் குறைப்பதாகும்.

(இவ்வொரு பொருளின்மேல் பின்வந்த அரசுகளும் கண்வைத்தன. சென்னை மாகாணத்தில் 1805-இல் ஆங்கிலக் கும்பினி உப்பைத் தன் தனியுரிமையாக்கிற்று. 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு இராசாசி தலைமையில் தொண்டர் நடந்து சென்றதும் இதன்பொருட்டே.)

தானியம் குறைந்தபோது இல்லம் என்செய்தது? இவ்விடத்தில்தான் குறியெதிர்ப்பை என்னும் அரிய சொல் வருகின்றது. திருக்குறள் 221-இல் வரும் இதற்குப் பரிமேலழகர், அளவைக் குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தருவது என்று பொருள் காண்பர். இதில் வட்டியில்லை, ஆனால் மறதியும் இல்லை. பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற வளத்தோடு இல்லம் திரும்பியபின் தம் மனைவியிடம் கூறுவது புறநானூற்றின் 163-ஆம் பாடல். எல்லோர்க்கும் கொடு என்று சொல்லும் அவர், சுற்றத்தின் பசி தீர நெடுநாளாக அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்தோரையும் மறவாது எண்ணுகின்றார். கடன் அவள் பெயரில் நின்றது. யாரிடம் எவ்வளவு என்பது அவள் நெஞ்சில் இருந்தது. புலவர் பரிசில் தேடிச் சென்ற நாள்களில் அவ்வில்லத்தைக் காத்தவர் அயல்வீட்டுப் பெண்டிரே என்று கொள்வதில் தவறில்லை.

இவ்வழக்கு அண்மைக்காலம் வரை மறையவில்லை. 1980-களில் என் பாட்டியார் இல்லத்தில் இதனைக் கைமாற்று என்பர். அரிசி வாங்கிய உழக்காலேயே திருப்பி அளத்தல் வேண்டும். வாங்கும்போது தலைதட்டி அளந்ததனைத் திருப்பும்போது சற்றுக் குவித்து அளத்தல் மரியாதை. விளக்கு வைத்தபின் உப்பு மட்டும் கைமாறாது.

ஆண்மகனும் இக்கடனுக்கு விலக்கல்லன். புறநானூறு 327 ஒரு சிற்றூர்த் தலைவனைக் காட்டுகின்றது. எருதுகள் மிதிக்குமளவு விளைவில்லாமையால் இளைஞர் காலாலேயே மிதித்தெடுத்த சிறிதளவு வரகு அவன் களத்தில் உள்ளது. அதிற் பெரும்பகுதி பழங்கடனுக்குச் செல்ல, எஞ்சியது பாணர்க்குச் செல்கின்றது. பின்னர்ச் சுற்றத்தின் வறுமை நீங்க அவனே ஊரிலுள்ள சிறியோரிடம் அளவு கூறி வரகு இரக்கின்றான். பகையரசன் வரின் எதிர்நின்று தாங்கும் வீரன் அவன் என்றும் பாடல் கூறுகின்றது. உரை எழுதுவோர் அவ்வீரத்திலேயே நின்றுவிடுகின்றனர். விளைச்சல் களத்திலிருந்து வீட்டிற்கு வருமுன்பே தீர்ந்துவிட்டது என்பதனை வரலாற்று மாணவன் மறத்தலாகாது.

அதனினும் கடுமையானது புறநானூறு 333. பாடியவர் பெயர் தெரியவில்லை. வரகும் தினையும் இருந்தனவெல்லாம் இரவலர் உண்டும் கொண்டும் தீர்ந்தன, குறியெதிர்ப்பையும் கிட்டவில்லை. அப்போது இல்லத்தாள், விதைக்கென்று கதிரோடு உலர்த்தி வைத்த தினையை உரலில் இடுகின்றாள். விருந்தோம்புவான் நிலத்திற்கு வித்திடவும் வேண்டுமோ என்று வினவுகின்றது குறள் 85. அந்நிலம் தானே விளையும் என்பது உரையாசிரியர் கருத்து. அறநூல் அவ்வாறு கூறலாம். உரலில் விதையை இட்டவள் அடுத்த மழைக்கு எதனை விதைத்தாள் என்று புறப்பாட்டும் கூறவில்லை, உரையும் கூறவில்லை. முதலில் உப்பு, அடுத்துக் கடன் தருவார், இறுதியில் விதை. எளிய இல்லம் ஒன்றன்பின் ஒன்றாக இழப்பன இவை.

சிறுபாணாற்றுப்படையின் அடுக்களைக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். உப்பின்றி வெந்த கீரையைக் கிணைமகள் தன் பெருஞ்சுற்றத்தோடு உண்ணுமுன் வாயிற்கதவை அடைக்கின்றாள். அறிவிலார் காண்பதற்கு நாணி அடைத்தாள் என்கின்றது பாடல். வறுமையும் இயல்பென்று உணராது புறங்கூறுவாரை அவ்வறிவிலார் என்று நச்சினார்க்கினியர் கொள்வர். உரை பொருத்தமானதே. ஆயினும் ஒரு கை உப்பிற்கு அயல்வீட்டை நாடாமல் அவள் கதவை அடைத்தது ஏன் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. முன்னர் வாங்கிய அளவைகள் இன்னும் திரும்பவில்லை என்று கொள்ளின், அக்கதவு அடைபட்டது புறங்கூறுவார்க்கு மட்டுமன்று, கடன் தந்தார்க்குமாம்.