விண்கலத்தின் கடிவாளம்



வண்டிக்குக் கடிவாளம், ஓடத்துக்குச் சுக்கான், விண்கலத்துக்கு எது? இவ்வினா ஒரு விளையாட்டிலும் எழுந்ததென்றால் வியப்படைவீர்கள்.

1962 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில், ஸ்ரீவ் றசலும் அவர்தம் நண்பர்களும் பீ.டீ.பீ.-1 என்னுங் கணினியில் 'ஸ்பேஸ்வோர்' என்னும் விளையாட்டை ஆக்கினர். திரையின் நடுவே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பிற் சிக்காது இரு கலங்கள் ஒன்றையொன்று தாக்க வேண்டும்.

முதலிற் கணினியின் முகப்பிலிருந்த சிறு ஆளிகளே கருவிகளாயின. ஆடுவோர் முழங்கைகள் நொந்தன. அன்றியும், அவ்வாளிகள் திரைக்கு ஒரு பக்கமாக இருந்தமையால், ஒருவருக்குத் திரை நன்கு தெரிந்தது, மற்றவர் இடர்ப்பட்டார். போட்டியில் நடுநிலை பிறழலாமா? அலன் கொட்டொக், பொப் சோண்டேர்ஸ் ஆகிய இருவரும் ஆளுக்கொரு தனிப்பெட்டி செய்தளித்தனர். ஒரு பிடி கலத்தைத் திருப்பியது. மற்றதைப் பின்னிழுத்தால் உந்துவிசை பிறந்தது. எறிகணைப் பொத்தானோ, எதிரியின் செவிக்கு எட்டாதபடி ஓசையின்றி அமைந்தது!

1969 யூலை 20 இல் மெய்யாகவே சந்திரனில் இறங்கிய ஆம்ஸ்ரோங்கும் வேலையை இரு கைகளுக்கும் பகிர்ந்தார். வலக்கை கலத்தின் சாய்வை ஆண்டது. இடக்கை இறங்கும் வேகத்தைக் கவனித்தது. பாறைகள் நிறைந்த இடத்தைக் கடந்து அவர் பத்திரமாக இறங்கினார். இன்று வலக்கையில் ஜோய்ஸ்டிக்கும் இடக்கையில் விசைத்தண்டும் பற்றி விண்வெளி ஆட்டம் ஆடும் இளைஞனின் கைகளிலும் அதே முறைமையைக் காணலாம்.

கைக்கு ஒவ்வாத எழுதுகோலைக் கொடுத்துவிட்டு மாணவனின் எழுத்தைப் பழித்தல் தகுமோ? ஆசிரியனாகிய எனக்கு இவ்வரலாறு நினைவூட்டுவது அதுவே.